அந்தப் பாட்டு கேட்டால் மட்டும் வலிப்பு வருகிறது

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எங்களுக்குத் திருநெல்வேலி பக்கம் ஒரு கிராமம். என் மனைவிக்கு வயது 31. நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருக்கிறாள், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பாள். இரண்டு வருஷமாக ஒரு பிரச்சினை. மெதுவாகப் போகிற சில பழைய சினிமாப் பாட்டுகளைக் கேட்டால் இரண்டு மூன்று நிமிஷத்தில் அவள் முகம் மாறிவிடுகிறது. அதிலும் இறந்துபோன அவள் அப்பா அடிக்கடி பாடும் ஒரு பாட்டு என்றால் தவறாமல் வருகிறது. "வயித்துக்குள்ளேருந்து என்னமோ ஏறி வருது" என்பாள். அப்புறம் கூப்பிட்டால் பதில் இருக்காது. கண் ஒரே இடத்தில் நிற்கும், வாய் எதையோ மெல்லுகிற மாதிரி அசையும். ஒன்றரை நிமிஷத்தில் சரியாகிவிடும், நடந்தது எதுவும் ஞாபகம் இருக்காது. ஒரு தடவை பஸ்ஸில் அந்தப் பாட்டு ஓடியபோது கை கால் வெட்டிக் கீழே விழுந்துவிட்டாள். தலையில் கம்பி ஒட்டி மூளையின் மின்னலையைப் பார்க்கும் ஈஈஜி எடுத்தோம், நார்மல். "மனசு சம்பந்தப்பட்டது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கோயில் கொடைத் திருவிழாவில் மேளச் சத்தத்துக்கு நடுவில் நின்றால் ஒன்றும் செய்வதில்லை. அதனால் சொந்தக்காரர்கள் எல்லாம் நடிப்பு என்கிறார்கள். என் அம்மா பேய் என்கிறார், நோயை மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்றும் சொல்கிறார். எனக்கே சந்தேகம் வந்து, அவளுக்குத் தெரியாமல் பக்கத்து அறையில் அந்தப் பாட்டை இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். இரண்டு தடவையும் வந்தது. ஒரு தடவை எடுத்த வீடியோவை அனுப்பியிருக்கிறேன். இப்படி ஒரு நோய் இருக்கிறதா? இனிமேல் அவள் பாட்டே கேட்கக் கூடாதா?

பதில்:

தம்பி, இப்படி ஒரு நோய் இருக்கிறது. உங்கள் மனைவி நடிக்கவில்லை. நேரில் பார்க்காமல் நோயை முடிவு செய்யக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் அனுப்பிய வீடியோவை நாலைந்து தடவை பார்த்துவிட்டுத்தான் இவ்வளவு உறுதியாக எழுதுகிறேன்.

அந்த வீடியோவை நீங்களும் இன்னொரு தடவை பாருங்கள், சத்தத்தை அணைத்துவிட்டு. அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறார். திடீரென்று கை நிற்கிறது. கண் சுவரைப் பார்த்தபடி நிலைத்துவிடுகிறது. உதடு சப்புக்கொட்டுகிறது. வலது கை கீரைக் காம்பை விட்டுவிட்டுச் சேலைத் தலைப்பைத் திரும்பத் திரும்பப் பிசைகிறது. எல்லோர் கண்ணும் அந்த வலது கை மேல்தான் போகும். நான் பார்த்தது மடியில் கிடக்கும் இடது கையை. மணிக்கட்டு மடங்கி, விரல்கள் விறைத்து, லேசாக முறுக்கிக்கொண்டு நிற்கிறது. வலது கை பிசைய, இடது கை விறைத்து நின்றால், வலிப்பு மூளையின் வலது பக்கத்தில், காதுக்கு மேலே நெற்றிப்பொட்டை ஒட்டியிருக்கும் டெம்பொரல் மடலில் கிளம்பியிருக்கலாம் என்று எங்களுக்குப் பாடத்திலேயே சொல்லித் தருவார்கள். இசையால் வரும் வலிப்பும் பெரும்பாலும் டெம்பொரல் மடலில்தான், அதிலும் வலது பக்கத்தில்தான் அதிகமாகத் தொடங்குகிறது. உங்கள் ஊரில் யார் அவருக்கு அந்த இடது கையை நடிக்கக் கற்றுக்கொடுத்திருக்க முடியும்?

கடைசியில் நினைவு திரும்பியதும் கீரையை எடுத்து உருவ ஆரம்பிக்கிறார். வாசலில் நிற்கும் உங்களைப் பார்த்து, "என்ன பாத்துக்கிட்டு நிக்கிய?" என்கிறார். அந்த ஒன்றரை நிமிஷம் அவருக்கு நடக்கவே இல்லை. அதைப் பார்த்தபோது எனக்கு மனசு கனத்துவிட்டது.

இந்த நோயை மருத்துவத்தில் மியூசிக்கோஜெனிக் எபிலெப்சி என்பார்கள். தமிழில் இசைத் தூண்டல் வலிப்பு என்று சொல்லலாம். மெக்டொனால்ட் கிரிட்ச்லி என்ற ஆங்கிலேய நரம்பியல் மருத்துவர் 1937-இல் இதைப் பற்றி விரிவாக எழுதிப் பெயரும் வைத்தார். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1884-இல், ரஷ்யாவில் ஒரு மருத்துவர் இப்படி ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார். அதனால் இது நேற்று முளைத்த சமாச்சாரம் இல்லை. ஒரு கோடிப் பேரில் ஒருவருக்கு வரும் என்று ஒரு கணக்கைப் பல இடங்களில் எழுதியிருப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்தக் கணக்குப்படி பார்த்தால் தமிழ்நாடு முழுவதற்கும் ஏழெட்டுப் பேர்தான் இருக்க வேண்டும். பாட்டுக்கும் வலிப்புக்கும் தொடர்பு இருக்குமென்று நோயாளிக்கே தோன்றாமல், டாக்டரும் கேட்காமல் விட்டுப்போனவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ஏதாவது ஒன்று தூண்டிவிட்டு வரும் வலிப்பு நம் பக்கத்துக்குப் புதிது இல்லை. தலைக்கு வெந்நீர் ஊற்றிக் குளிக்கும்போது மட்டும் வலிப்பு வருகிறவர்கள் தென்னிந்தியாவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் அப்படிப்பட்டவர்களை நூற்றுக்கணக்கில் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். சாப்பிட உட்கார்ந்தால் வலிப்பு வருவதைப் பற்றி இலங்கை மருத்துவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். வெந்நீருக்கு வரும், சோற்றுக்கு வரும் என்றால் நம்புகிறவர்கள் பாட்டுக்கு வரும் என்றால் மட்டும் ஏன் நடிப்பு என்கிறார்கள்? பாட்டு சந்தோஷமான விஷயம், அதனால் கெடுதல் வராது என்று நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

கொடையில் நையாண்டி மேளம் காதைப் பிளக்கும்போது ஒன்றும் ஆகவில்லை, மெதுவான பாட்டுக்கு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சொந்தக்காரர்கள் இதைத்தான் நடிப்புக்குச் சாட்சியாகச் சொல்கிறார்கள். எனக்கு இதுதான் நோய்க்குச் சாட்சி. இந்த வலிப்பு சத்தத்தால் வருவது இல்லை. சத்தம்தான் காரணமென்றால் பாட்டு தொடங்கிய நொடியே வந்திருக்கும். மின்னி மின்னி மறையும் வெளிச்சத்தால் வரும் வலிப்பு அப்படித்தான், சில நொடிகளில் வந்துவிடும். 1997-இல் ஜப்பானில் ஒரு கார்ட்டூன் தொடரில் சிவப்பும் நீலமுமாக மாறி மாறி மின்னிய ஒரு காட்சியால் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

உங்கள் மனைவிக்கு இரண்டு மூன்று நிமிஷம் ஆகிறது. இந்த நோய் உள்ளவர்களில் பலருக்கும் இப்படிச் சில நிமிஷம் பிடிக்கிறது. அந்த நேரத்தில் நெஞ்சு படபடக்கும், உடம்பு சிலிர்க்கும், ஒரு தவிப்பு கூடிக்கொண்டே போகும். பாட்டு காதோடு நிற்பதில்லை தம்பி. மூளையில் ஞாபகத்தைக் காக்கும் ஹிப்போகேம்பஸ், பயம், பாசம், துக்கம் எல்லாம் ஊறும் அமிக்டலா என்று டெம்பொரல் மடலின் உள்பக்கம் வரை அது போகிறது. வலிப்பு கிளம்பும் இடமும் பெரும்பாலும் அங்கேதான். அப்பா பாடின பாட்டு அந்த இடத்தை எவ்வளவு ஆழமாகத் தொடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்காக, துக்கத்தால்தான் இந்த நோய் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த இடத்தில் ஏற்கெனவே வலிப்புக்கு ஆளாகும் ஒரு கோளாறு இருக்கிறது, பாட்டு அதைத் தட்டி எழுப்புகிறது.

சிலருக்கு ஒரே ஒரு வாத்தியம், சிலருக்கு ஒரு பாடகரின் குரல், சிலருக்குக் கோயில் மணி, இப்படித் தூண்டுவது ஆளுக்கு ஆள் மாறும். அமெரிக்காவில் ஒரு பெண்ணுக்குத் தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஒருவரின் குரலைக் கேட்டால் வலிப்பு வந்ததை 1991-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழ் வெளியிட்டிருக்கிறது. பாட்டைக் கேட்காமல் மனசுக்குள் நினைத்தாலே வந்துவிடுகிறவர்களும் உண்டு.

ஈஈஜி நார்மல் என்பதை வைத்து "மனசு" என்று சொல்லி அனுப்பியதில் எனக்கு வருத்தம்தான். வலிப்பு இல்லாத நேரத்தில் அரை மணி நேரம் எடுக்கும் ஈஈஜியில், உண்மையிலேயே வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முதல் தடவை எதுவும் தெரியாது. வலிப்பு உள்ளே ஆழத்தில் நடந்தால் தலைக்கு மேலே ஒட்டிய கம்பியில் தெரிவது இன்னும் கஷ்டம். மனசு சம்பந்தப்பட்ட வலிப்பு என்று ஒன்று தனியாக உண்டு. அதில் பெரும்பாலும் கண் மூடியிருக்கும், ரொம்ப நேரம் நீளும், விட்டு விட்டு வரும். அதுவும் நடிப்பு இல்லை, அதற்கும் வைத்தியம் உண்டு. உங்கள் மனைவியின் வீடியோவில் அந்த அடையாளங்கள் இல்லை.

இப்போது உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். மறைந்திருந்து பாட்டைப் போட்டுப் பார்த்தீர்களே, அதை இனி ஒரு தடவைகூடச் செய்யாதீர்கள். பஸ்ஸில் விழுந்த மாதிரி உடம்பு முழுக்க வெட்டும் வலிப்பாக அது மாறியிருக்கலாம், அவர் கையில் அரிவாள்மணை இருந்திருக்கலாம். சில சமயம் வலிப்பு நிற்காமல் நீண்டுபோகும், அது உயிருக்கே ஆபத்து. நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பது கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. ஊரே நடிப்பு என்று சொல்லும்போது அவர் பக்கம் நிற்க உங்களுக்கு ஒரு ஆதாரம் வேண்டியிருந்தது. ஆனாலும் இதை அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். பின்னால் யாராவது சொல்லித் தெரிந்தால், வீட்டில் எந்த நேரம் யார் என்ன பாட்டைப் போடுவார்களோ என்ற பயத்திலேயே இருப்பார். உறக்கம் கெடும். உறக்கம் கெட்டாலே வலிப்பு கூடும்.

அந்தப் பாட்டைப் போட்டுப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அது வீடியோ ஈஈஜி வசதியுள்ள ஆஸ்பத்திரி. சில நாள் படுக்கையில் வைத்து, தலையில் கம்பி ஒட்டி, கேமரா ஓட, கையில் ஊசி வழி போட்டு, பக்கத்தில் நர்ஸ் நிற்க, நோயாளியின் சம்மதத்தோடு அந்தப் பாட்டைக் கேட்கவைப்பார்கள். வலிப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று அப்போது தெரியும். முதலில் உங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் பிரிவுக்குப் போங்கள். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா திருநாள் மருத்துவமனைக்குப் போகலாம், உங்கள் ஊருக்கு அது பக்கம்தான். 1995-லிருந்து வலிப்புக்கு அறுவை சிகிச்சை செய்து பழகிய இடம்.

எம்ஆர்ஐ எடுக்கும்போது, வலிப்புக்கென்று உள்ள முறையில் எடுக்கச் சொல்லுங்கள். சாதாரணத் தலை ஸ்கேனில் ஹிப்போகேம்பஸில் உள்ள சின்னத் தழும்பு விட்டுப்போகலாம். இன்னொரு ரத்தப் பரிசோதனையையும் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும்போது உண்டாகும் ஜிஏடி-65 எதிர்பொருள், இசை வலிப்பு உள்ளவர்களில் சிலருக்கு அதிக அளவில் இருப்பதை அண்மைக் காலத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். 29 வயதுவரை ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டுத் திடீரென்று தொடங்கியிருக்கிறது என்பதால்தான் இதைச் சொல்கிறேன். சின்ன வயதிலேயே வரும் சர்க்கரை நோய், தைராய்டு, வெண்புள்ளி இவையெல்லாம் அவருக்கோ அவர் பிறந்த வீட்டிலோ இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். அந்த எதிர்பொருள் இருந்தால் எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்தும் வைத்தியம் உண்டு. அது சிலருக்குக் கேட்கும், எல்லோருக்கும் கேட்காது.

மருந்து என்று பார்த்தால், மற்ற டெம்பொரல் மடல் வலிப்புக்குக் கொடுப்பதுதான்: கார்பமாசிபைன், ஆக்ஸ்கார்பசிபைன், லெவெட்டிராசிட்டம், லாகோசமைடு. எது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் உங்கள் மனைவி பாடுகிறவர் என்பதால் ஒரு விஷயம். கார்பமாசிபைன் சாப்பிடும் சிலருக்குச் சுருதி கொஞ்சம் இறங்கினாற்போல், அரை ஸ்வரம் கீழே கேட்கும். பெரும்பாலும் ஜப்பானில்தான் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அபூர்வம்தான், மருந்தை மாற்றினால் சரியாகிவிடும். அப்படிக் கேட்டால் காது கெட்டுவிட்டது என்று பயந்து மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது, டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதே மருந்தால் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். லெவெட்டிராசிட்டம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கிளப்பும். அதை அவருடைய குணம் என்று வீட்டில் பேசாதீர்கள். பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் மாத்திரை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அந்த வயதுப் பெண்களுக்கு வால்புரோவேட் மருந்தைக் கூடியவரை தவிர்ப்போம், ஃபோலிக் அமிலம் சேர்த்துக் கொடுப்போம். கார்பமாசிபைன் சாப்பிட்டால் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது.

நல்ல மருந்து இரண்டு கொடுத்தும் அடங்காவிட்டால் அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிப்போம். நியூயார்க்கில் ஒரு இளம்பெண்ணுக்கு ஒரு நடனப் பாட்டைக் கேட்டாலே வலிப்பு வந்தது. பாவம், சர்ச்சில் பாடுகிறவர், அதையே விட வேண்டி வந்தது. மூளையில் வலிப்பு கிளம்பும் இடத்தைக் கண்டுபிடித்து அகற்றிய பிறகு மறுபடி பாடப் போனார் என்று 2008-இல் செய்தி வந்தது. எல்லோருக்கும் அப்படிப் பலன் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். வலது டெம்பொரல் மடல் ராகத்தைப் பிடித்துக்கொள்வதற்கும் வேண்டிய இடம், அதனால் பாடுகிறவர்களுக்கு யோசித்துத்தான் செய்வார்கள். அது பிந்திய பேச்சு.

சரி, பாட்டே கேட்கக் கூடாதா? அப்படியெல்லாம் இல்லை. அவருக்கு ஆகாதது எது என்று குறித்து, அதை மட்டும் விலக்கினால் போதும். ஒரு நோட்டில் வலிப்பு வந்த நாள், நேரம், அப்போது காதில் விழுந்த பாட்டு, பாடியவர், எந்த வாத்தியம், முந்தின ராத்திரி எவ்வளவு நேரம் தூங்கினார், மாதவிலக்கு நாளா, எல்லாவற்றையும் எழுதுங்கள். பாட்டே கேட்காமல் வலிப்பு வந்திருந்தால் அதையும் எழுதுங்கள். இந்த நோய் உள்ளவர்களில் நிறையப் பேருக்குப் பாட்டு இல்லாமலும் வருகிறது. அதனால்தான் பாட்டை நிறுத்திவிட்டால் மருந்து வேண்டாம் என்று நாங்கள் சொல்வதில்லை. மோட்சார்ட் இசை கேட்டால், இன்ன ராகம் கேட்டால் வலிப்பு தீரும் என்று வாட்ஸப்பில் வரும். மோட்சார்ட்டின் கே.448 என்ற இரட்டைப் பியானோ இசையைக் கேட்கும்போது சிலருக்கு மூளையின் கெட்ட மின்னலைகள் குறைவதாக 1990-களிலிருந்து ஆய்வுகள் வந்திருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அதை நம்பி இவர் மேல் பரிசோதனை செய்யாதீர்கள்.

பாட்டு தொடங்கி வலிப்பு வரும்வரை உள்ள அந்த இரண்டு மூன்று நிமிஷம்தான் உங்கள் கையில் இருக்கும் பெரிய உதவி. வயிற்றிலிருந்து ஏறுவதுகூட வலிப்பின் தொடக்கம்தான், அதற்கும் முன்னால் படபடப்பு வரும்போதே எழுந்து போய்விட வேண்டும். பஸ் என்றால் கண்டக்டரிடம் போய், "இந்தப் பாட்டைக் கேட்டா எனக்கு வலிப்பு வரும், மாத்துங்கண்ணே" என்று நேராகச் சொல்லச் சொல்லுங்கள். காதைப் பொத்திக்கொண்டு, சத்தமாக யாரிடமாவது பேசுவது, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது என்று மனசை வேறு பக்கம் திருப்பினால் சிலருக்கு நிற்கிறது. வீட்டில், பள்ளியில், பக்கத்து வீட்டில் யாருக்காவது அந்தப் பாட்டு ரிங்டோனாக இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். கல்யாண வீடு மாதிரித் தவிர்க்க முடியாத இடமென்றால், வெந்நீர் வலிப்புக்காரர்களுக்குத் தலைக்குக் குளிக்கும் முன் குளோபசாம் மாத்திரை கொடுப்பதுபோல் தரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது.

வலிப்பு கட்டுக்குள் வரும்வரை ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது. ஆற்றிலோ கிணற்றிலோ தனியாகக் குளிக்கக் கூடாது. குளியலறைத் தாழ்ப்பாள் வேண்டாம். வெட்டு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே ஏதாவது துணியை வையுங்கள். கையில் சாவி, இரும்பு கொடுப்பதும் வாயில் கரண்டி வைப்பதும் தண்ணீர் புகட்டுவதும் வேண்டவே வேண்டாம். 5 நிமிஷத்தில் நிற்காவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரேயை டாக்டர் எழுதிக்கொடுத்தால் வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் அம்மாவிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். கொடையில் சாமி வந்து ஆடுவதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அது வேறு. இவருக்கு வருவது மூளையில் நடப்பது, மாத்திரைக்கு அடங்கக்கூடியது. அப்புறம், கல்யாணத்துக்கு முன் இல்லாத நோயை எப்படி மறைத்திருக்க முடியும்? வலிப்பு நோயைக் காரணம் காட்டித் திருமணத்தை ரத்து செய்யலாம் என்று இந்துத் திருமணச் சட்டத்தில் முன்பு இருந்தது. அதை 1999-இலேயே எடுத்துவிட்டார்கள். அந்தப் பேச்சை வீட்டில் இத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

பள்ளிப் பாட்டுகளைப் பாடும்போது இதுவரை வலிப்பு வந்ததே இல்லையென்றால் அவர் தாராளமாகப் பாடட்டும். தலைமை ஆசிரியைக்கும் கூட வேலை செய்யும் ஒருவருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டாக்டரிடம் போகும்போது வீடியோவையும் நோட்டையும் கொண்டுபோங்கள். அந்தப் பாட்டையும் கொண்டுபோங்கள், ஆனால் எந்தப் பதிவைக் கேட்டு வலிப்பு வந்ததோ அதே பதிவாக இருக்க வேண்டும். அதே பாட்டை வேறொருவர் பாடினால் சிலருக்கு வராது, பரிசோதனை வீணாகிவிடும். அவர் கைக்கும் காதுக்கும் எட்டாதபடி ஒரு பென் டிரைவில் போட்டு உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.